தீபாவளிப் பயணத்தை வைத்து வண்டியை எடை போடாதீர்கள்

"பேட்டரி வண்டியெல்லாம் நம்ம ஊருக்குச் சரிப்பட்டு வராது சார்."

கல்யாணப் பந்தியிலும் டீக்கடை பெஞ்சிலும் அலுவலக கேன்டீனிலும் இந்தப் பேச்சு ஓயாமல் காதில் விழுகிறது. சொல்பவர்களில் பெரும்பாலோர் அப்படி ஒரு வண்டியை ஒரு வாரம்கூட ஓட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனாலும் குரலில் தயக்கமே இருக்காது. நடுவழியில் நின்றுவிடும், தீப்பிடிக்கும், மூன்று வருடத்தில் பேட்டரி செத்துவிடும், கரண்டே நிலக்கரியில்தானே வருகிறது என்று காரணங்கள் மளமளவென்று வந்து விழும். கேட்பவர் தலையாட்டிவிட்டு, பக்கத்து ஷோரூமில் பெட்ரோல் ஸ்கூட்டருக்கு முன்பணம் கட்டிவிட்டு வருவார்.

இந்தத் தீர்ப்பு தவறானது. இதற்கு விலை கொடுப்பவர்கள் கார் வைத்து விவாதிப்பவர்கள் அல்ல. மாதச் சம்பளத்தில் பெட்ரோலுக்கென்று தனியாக எடுத்து வைக்க வேண்டிய நிலையில் இருப்பவர்கள்தான் கொடுக்கிறார்கள். அதனால்தான் இதை விரிவாகவே மறுக்க வேண்டியிருக்கிறது.

முதலில் எந்த வண்டியைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். இந்தியாவில் பதிவான வண்டிகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு இரு சக்கர வண்டிகள். ஆனால் விவாதம் எப்போதும் ஒரு காரில்தான் தொடங்குகிறது. தீபாவளிக்கு முந்தைய நாள், குடும்பத்தோடு சென்னையிலிருந்து திருநெல்வேலிக்கு 600 கிலோமீட்டருக்கு மேல் பயணம். தாம்பரத்தைத் தாண்டவே இரண்டு மணி நேரம். விழுப்புரத்துக்கு அப்பால் ஒரு சார்ஜர் பழுது, அடுத்ததில் முன்னால் நாலு கார், பின் சீட்டில் குழந்தை அழுகிறது. இது கற்பனை அல்ல, நடப்பதுதான். அந்த ஒரு நாளில் பெட்ரோல் கார்தான் வசதி என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் வருடத்தின் மற்ற நாட்களில் அந்தக் கார் எங்கே போகிறது? வீட்டிலிருந்து அலுவலகம், பள்ளிக்கூடம், காய்கறிச் சந்தை, மறுபடி வீடு. மூன்று வருடத்துக்கு ஒருமுறை வீடு மாற்றுகிறோம் என்பதற்காக யாரும் லாரி வாங்கி வாசலில் நிறுத்திக்கொள்வதில்லை, அன்றைக்கு வாடகைக்குப் பிடிக்கிறோம். வண்டி விஷயத்தில் மட்டும் வருடத்தின் மிக மோசமான நாளை வைத்து மற்ற எல்லா நாட்களுக்கும் முடிவு செய்கிறோம்.

இரு சக்கர வண்டிக்கு வருவோம். ஒருவர் நாளுக்கு 30 கிலோமீட்டர், மாதம் 26 நாள் ஓட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆவடியிலிருந்து அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போய்வந்து, மாலையில் நாலு வேலையும் முடித்தால்கூட இதற்குள் அடங்கிவிடும். மாதம் 780 கிலோமீட்டர். நகர நெரிசலில் லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுக்கும் ஸ்கூட்டருக்கு 17 லிட்டருக்கு மேல் பெட்ரோல் வேண்டும். லிட்டர் 101 ரூபாய் என்றால் ஏறக்குறைய 1,750 ரூபாய். அதே தூரத்துக்கு ஒரு மின்சார ஸ்கூட்டர், சார்ஜரில் வீணாவதையும் சேர்த்து, 100 கிலோமீட்டருக்கு மூன்றரை யூனிட் என்ற கணக்கில் சுமார் 27 யூனிட் எடுக்கும். யூனிட் 8 ரூபாய் என்றால் 220 ரூபாய். வீட்டு மின்கட்டணத்தின் உச்சப் படியையும் தாண்டி 12 ரூபாய் என்றே போட்டாலும் 330 ரூபாயைத் தாண்டாது. மாதம் 1,400 ரூபாய்க்கு மேல் மிச்சம். வண்டியின் விலை இருபதாயிரம், முப்பதாயிரம் கூடுதலாக இருந்தாலும் இரண்டு வருடத்துக்குள் அது கழிந்துவிடும். கடனில் வாங்கினால் வட்டியையும் கணக்கில் சேர்க்க வேண்டும், உண்மைதான். சேர்த்துப் போட்டுப் பாருங்கள், இன்னும் சில மாதங்கள் கூடும், அவ்வளவுதான்.

இந்தக் கணக்கை நமக்கு முன்பே போட்டு முடித்தவர்கள் இருக்கிறார்கள். இந்தியாவில் இப்போது விற்கும் மூன்று சக்கர வண்டிகளில் பாதிக்கும் மேல் மின்சாரத்தில் ஓடுபவை. 2023ல் இந்த வகை வண்டிகளின் விற்பனையில் இந்தியா சீனாவையே முந்தியது. இவற்றை வாங்கியவர்கள் சுற்றுச்சூழல் கருத்தரங்குக்குப் போய்வந்து மனம் மாறியவர்கள் அல்ல. நாள் முடிவில் டியூவும் எரிபொருளும் போகக் கையில் என்ன நிற்கிறது என்று பார்ப்பவர்கள். இரவில் சார்ஜ் போட்டு, காலையில் பள்ளிக்கூடச் சவாரி முடித்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில் தெரிந்த கடையில் ஒரு மணி நேரம் செருகி, மாலைச் சவாரிக்குக் கிளம்பும் ஆட்டோக்காரருக்கு 'ரேஞ்ச்' பற்றிய பயம் கிடையாது. தினமும் எவ்வளவு ஓட்டுகிறோம் என்பது அவருக்குத் துல்லியமாகத் தெரியும். நடைமுறை அனுபவம் என்று ஒன்று இருந்தால் அது இவர்களிடம்தான் இருக்கிறது. இவர்களைக் கேட்காமல் 'நடைமுறைக்கு ஒத்துவராது' என்று யார் யாரோ தீர்ப்பு எழுதுகிறார்கள்.

"ஆனால் சார்ஜிங் ஸ்டேஷன் எங்கே இருக்கிறது?" என்பது அடுத்த கேள்வி. பதிலுக்கு ஒன்று கேட்கிறேன். உங்கள் சொந்த ஊரில் பெட்ரோல் பங்க் எங்கே இருக்கிறது? தமிழ்நாட்டில் எத்தனையோ கிராமங்களில் பெட்ரோல் இன்றைக்கும் பெட்டிக்கடையில் தண்ணீர் பாட்டிலில்தான் கிடைக்கிறது. மண்ணெண்ணெய் கலந்ததோ என்ற சந்தேகத்தோடு, லிட்டருக்குப் பத்து இருபது கூடுதலாகக் கொடுத்துத்தான் வாங்குகிறார்கள். அதே ஊரில் ஒவ்வொரு வீட்டுக்கும் மின்கம்பத்திலிருந்து கம்பி வந்திருக்கிறது. ஸ்கூட்டருக்கான எரிபொருள் ஏற்கனவே வீட்டுச் சுவருக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. இரவில் செருகிவிட்டுத் தூங்கினால் காலையில் வண்டி தயார். மின்சார வண்டி நகரத்துப் பணக்காரர்களுக்கானது என்று சொல்பவர்கள் கிராமத்து வீட்டுத் திண்ணையை யோசித்தே பார்ப்பதில்லை. சொந்தத் திண்ணையும் சொந்த மீட்டரும் இருக்கும் கிராமத்துக்காரருக்குத்தான் இது சென்னைவாசியைவிட எளிது.

பெட்ரோல் வண்டியும் பங்க்குகளோடு சேர்ந்து பிறக்கவில்லை. 1888 ஆகஸ்டில் பெர்தா பென்ஸ், கணவர் கார்ல் பென்ஸிடம் சொல்லாமல் இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு, ஜெர்மனியின் மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குக் காரில் கிளம்பினார். நெடுந்தூரம் சென்ற முதல் கார் பயணமாக அதைச் சொல்வார்கள். வழியில் எரிபொருள் தீர்ந்தபோது வீஸ்லோக் என்ற ஊரின் மருந்துக்கடையில் நுழைந்து, கறை போக்கும் திரவமாக விற்றதை வாங்கி ஊற்றினார். வண்டிகள் ஓட ஓடத்தான் பங்க்குகள் முளைத்தன. அன்றைக்கு எல்லாரும் "முதலில் ஊருக்கு ஊர் பங்க் கட்டுங்கள், பிறகு வண்டியைப் பார்ப்போம்" என்று காத்திருந்தால் இன்றைக்கும் குதிரைவண்டியில்தான் போய்க்கொண்டிருப்போம்.

பெட்ரோல் எப்போதும் கிடைக்கும் என்ற நம்பிக்கையையும் கொஞ்சம் தட்டிப் பார்க்க வேண்டும். இந்தியா தன் கச்சா எண்ணெய்த் தேவையில் 85 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி செய்கிறது. இறக்குமதி நின்றால் என்ன ஆகும் என்பதை யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் இருக்கும் நம் உறவுகளைக் கேளுங்கள். 2022ல் டாலர் இல்லாமல் போனபோது இலங்கையில் எரிபொருள் வரிசைகள் கிலோமீட்டர் கணக்கில் நீண்டன. மூன்று சக்கர வண்டிக்காரர்கள் வண்டிக்குள்ளேயே படுத்து இரவு பகலாகக் காத்திருந்தார்கள். வரிசையில் நின்றபடியே உயிர்விட்டவர்களும் உண்டு. ஜூலையில் கியூ.ஆர். முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லிட்டர், முச்சக்கர வண்டிக்கு 5 லிட்டர் என்று அளந்து கொடுத்தார்கள். அப்போது மின்சாரமும்தானே போனது என்று கேட்பீர்கள். போனது. மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு. ஆனால் மீதி 11 மணி நேரம் கரண்ட் இருந்தது, ஒரு ஸ்கூட்டரை நிரப்ப அதில் பாதிகூட வேண்டாம். அந்த மாதங்களில் யாருடைய வண்டி நடைமுறைக்கு ஒத்துவராமல் வீதியில் நின்றது என்று நினைத்துப் பாருங்கள்.

நேபாளம் இந்தப் பாடத்தை முன்பே படித்தது. 2015ல் எல்லையில் எரிபொருள் லாரிகள் நின்றுபோய் நாடே தவித்தது. கையில் இருந்தது நீர்மின்சாரம். வரியை மாற்றியமைத்தார்கள். இன்றைக்கு அந்த நாடு இறக்குமதி செய்யும் கார், ஜீப் வகை வண்டிகளில் பாதிக்கும் மேல் மின்சார வண்டிகள். நெளிந்து ஏறும் மலைப்பாதைகளில்தான் அவை ஓடுகின்றன. நார்வேயில் 2024ல் விற்ற புதிய கார்களில் ஏறக்குறைய 89 விழுக்காடு முழு மின்சாரக் கார்கள். பனி உறையும் ஊரில் ஓடுவது வேலூர் வெயிலில் ஓடாது என்று சொல்ல, வெயில் பேட்டரியின் ஆயுளைக் குறைக்கும் என்பதைத் தவிர வேறு காரணம் வேண்டும். அதற்கும் நிழலில் நிறுத்துவது, ஓட்டி வந்த சூட்டோடு சார்ஜ் போடாமல் கொஞ்சம் ஆறவிடுவது என்று எளிய வழிகள் இருக்கின்றன.

தீ விபத்தைப் பற்றி லேசாகப் பேச முடியாது. 2022 மார்ச்சில் அதே வேலூரில், இரவில் சார்ஜ் போட்டிருந்த ஸ்கூட்டர் எரிந்து, புகையில் மூச்சுத்திணறி ஒரு தந்தையும் மகளும் இறந்தார்கள். அந்த ஆண்டு நாட்டின் வேறு ஊர்களிலும் வண்டிகள் எரிந்தன. அவசர அவசரமாகச் சந்தைக்கு வந்த பேட்டரிகளும் போதாத சோதனைகளும் அன்றைக்கு இருந்த உண்மை. அதன் பிறகுதான் மத்திய அரசு ஏ.ஐ.எஸ். 156 என்ற பாதுகாப்புத் தரத்தைக் கடுமையாக்கியது. 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலும் இரண்டு கட்டமாக அது நடைமுறைக்கு வந்தது. பேட்டரிக்குள் ஒரு செல் சூடாகி எரிந்தால் அது பக்கத்துச் செல்லுக்குப் பரவுகிறதா என்ற சோதனையும், முன்கூட்டியே எச்சரிக்கும் ஏற்பாடும் கட்டாயமாயின. வாங்குபவர் செய்ய வேண்டியதும் உண்டு. எர்த் சரியாக இருக்கும் 16 ஆம்ப் பிளக், கம்பெனி கொடுத்த சார்ஜர், படுக்கையறையிலோ வெளியேறும் ஒரே வாசலிலோ சார்ஜ் போடாத ஒழுங்கு. வேலூரில் போன இரண்டு உயிர்களும் நம்மிடம் கேட்பது இந்தக் கண்டிப்பைத்தான். மின்சார வண்டியே வேண்டாம் என்பதற்கு அந்த மரணங்களைச் சாட்சிக்கு இழுக்கிறவர்கள், வீட்டுக்குள் சிலிண்டர் வைத்துச் சமைக்கப் பழகிய சமூகம் எப்படிப் பழகியது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

பேட்டரி விலை பற்றிய பயம் பழைய தகவலில் நிற்கிறது. 2010ல் ஒரு கிலோவாட் மணிக்கு 1,000 டாலருக்கு மேல் இருந்த லித்தியம் பேட்டரித் தொகுப்பின் சராசரி விலை 2024ல் 115 டாலர் அளவுக்கு இறங்கிவிட்டது. கார்களுக்கு 8 ஆண்டு பேட்டரி உத்தரவாதம் சாதாரணமாகிவிட்டது, ஸ்கூட்டர்களுக்கும் அது வந்துகொண்டிருக்கிறது. வெள்ளத்தில் என்ன ஆகும் என்பார்கள். 2023 டிசம்பர் மழையில் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாக ஏற்றி நிறுத்திய கார்களில் பெரும்பாலானவை பெட்ரோல், டீசல் கார்கள்தான். எஞ்சினுக்குள் தண்ணீர் போனால் என்ன செலவு என்பது அவற்றின் உரிமையாளர்களுக்குத் தெரியும்.

கரண்டே நிலக்கரியில்தானே வருகிறது என்ற வாதம் கேட்க வலுவாக இருக்கும். கணக்குப் போட்டால் நிற்காது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வெளியேறும். நம் ஸ்கூட்டர் 100 கிலோமீட்டர் ஓட ஏறக்குறைய 5 கிலோ. இந்திய மின்தொகுப்பில், நிலக்கரி உள்பட எல்லாம் சேர்ந்து, ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ. மூன்றரை யூனிட்டுக்கு இரண்டரை கிலோ. பாதி. பேட்டரி செய்யும்போது வெளியாகும் புகையையும் சேர்த்தால்கூட ஒன்றிரண்டு வருட ஓட்டத்தில் அது நேராகிவிடும். மேலும், இன்று வாங்கிய பெட்ரோல் வண்டி பத்து வருடம் கழித்தும் இதே புகையைத்தான் கக்கும், இன்னும் கூடுதலாகவும் கக்கலாம். மின்சார வண்டியோ ஆரல்வாய்மொழியில் ஒவ்வொரு காற்றாலை கூடும்போதும், கமுதி போன்ற இடங்களில் ஒவ்வொரு சூரியத் தகடு கூடும்போதும் தானாகவே சுத்தமாகிக்கொண்டு போகும். அண்ணா சாலை சிக்னலில் முகத்துக்கு நேராகப் புகை வாங்கும் போக்குவரத்துக் காவலருக்கு இந்த வித்தியாசம் இன்றைக்கே தெரியும்.

அப்படியானால் குறையே இல்லையா? இருக்கிறது. ஆனால் அது வண்டியில் இல்லை.

சென்னையில் ஒரு வாடகை வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் மாடி, கீழே வரிசையாகப் பத்து வண்டி. குடியிருப்பவர் மின்சார ஸ்கூட்டர் வாங்கலாமா என்று வீட்டுக்காரம்மாவைக் கேட்கிறார். "கரண்ட் ரொம்ப இழுக்குமே தம்பி, காமன் மீட்டர்ல போட விட மாட்டேன்." மேலிருந்து ஒயரை இறக்கலாமா? "கம்பிவேலி மாதிரி ஒயர் தொங்குறது எனக்குப் பிடிக்காது." பேச்சு அதோடு முடிகிறது. அந்த ஸ்கூட்டர் முழுதாக நிரம்ப ஆகும் மூன்று, மூன்றரை யூனிட், அந்தம்மாவின் படுக்கையறை ஏ.சி. இரண்டு மூன்று மணி நேரத்தில் எடுக்கும் மின்சாரம். அதுவும் தினமும் நிரப்ப வேண்டியதில்லை. ஒரு சப் மீட்டர், ஒரு எம்.சி.பி., ஒரு 16 ஆம்ப் பிளக் வைத்துவிட்டால் யூனிட் கணக்குப் பார்த்துப் பணம் வாங்கிக்கொள்ளலாம். செலவு ஒரு மாத வாடகையில் சிறு பங்குதான். இந்த ஒரு பிளக் இல்லாததால் அந்த இளைஞர் வருடம் பதினைந்தாயிரத்துக்கு மேல் பெட்ரோலில் எரிக்கிறார். பிறகு 'மின்சார வண்டி நடைமுறைக்கு ஒத்துவராது' என்று அவரும் சொல்லத் தொடங்குகிறார்.

அடுக்குமாடிகளில் இதே கதை அசோசியேஷன் தீர்மானமாக நடக்கிறது. புதுக் கட்டடங்களின் நிறுத்துமிடத்தில் ஐந்தில் ஒரு பங்கு வண்டிகளுக்குச் சார்ஜ் வசதி வேண்டும் என்று மத்திய அரசின் மாதிரிக் கட்டட விதிகள் 2019லேயே சொல்லிவிட்டன. சார்ஜ் கொடுப்பது மின்சார விற்பனை ஆகாது, அதற்குத் தனி உரிமம் வேண்டாம் என்று மின்துறை 2018லேயே தெளிவுபடுத்திவிட்டது. ஆனால் ஏற்கனவே கட்டி முடித்த பழைய குடியிருப்புகளில் "ஒருத்தருக்கு விட்டால் எல்லாரும் கேட்பார்கள்" என்பதுதான் விதி. எல்லாரும் கேட்கட்டுமே! அதுதானே வேண்டும்.

இன்னொரு குறை பழுதுபார்ப்பு. இதை யாரும் போதிய அக்கறையோடு பேசுவதில்லை. பெட்ரோல் ஸ்கூட்டர் நின்றால் தெருமுனை மெக்கானிக் பிளக்கைக் கழற்றித் துடைத்து, கார்புரேட்டரை ஊதி, அரை மணி நேரத்தில் ஓட்டிக் காட்டுவார். இல்லையென்றால் புதுப்பேட்டையில் போய்ப் பாகம் வாங்கி வருவார். மின்சார வண்டியில் கிளட்ச் பிளேட் இல்லை, எஞ்சின் ஆயில் இல்லை, பழுதாவதே குறைவு. ஆனால் பழுதானால் கம்பெனியின் மென்பொருள் இல்லாமல் யாரும் தொட முடியாது. சர்வீஸ் சென்டரில் வாரக்கணக்கில் வண்டி கிடக்கிறது, பாகம் வரவில்லை என்று சொல்லியே நாள் கடத்துகிறார்கள். இது உண்மையான புகார், நியாயமான கோபம். ஆனால் இதற்குக் காரணம் மோட்டாரும் பேட்டரியும் அல்ல, பூட்டி வைக்கும் வியாபாரம். நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் 'பழுதுபார்க்கும் உரிமை'க்காக ஓர் இணையதளம் தொடங்கியதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. கோளாறு கண்டறியும் கருவியும் பயிற்சியும் பாகங்களும் தெருமுனை மெக்கானிக்கின் கைக்கு வரும்படி கம்பெனிகளைக் கட்டாயப்படுத்த வேண்டும். ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் வண்டிகளைச் செய்யும் மாநிலம், அவற்றைப் பழுதுபார்க்கத் தெரிந்த கைகளையும் உண்டாக்க வேண்டும். ஐ.டி.ஐ.களில் அதற்கான வகுப்பு, வேலை செய்துகொண்டிருக்கும் மெக்கானிக்குகள் மாலையில் வந்து படிக்கும்படி இருக்க வேண்டும்.

நெடுந்தூரச் சரக்கு லாரிக்கும், நாளுக்கு இருநூறு முந்நூறு கிலோமீட்டர் ஊர் ஊராகச் சுற்றும் விற்பனைப் பிரதிநிதிக்கும் இன்றைய நிலையில் மின்சார வண்டியை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். மோட்டார் காந்தத்துக்கான அரிய மண் தனிமங்களில் சீனாவைச் சார்ந்திருப்பதும் கவலைக்குரியதுதான். 2025ல் சீனா ஏற்றுமதியை இறுக்கியபோது நம் தொழிற்சாலைகள் திணறின. ஆனாலும் காந்தம் வராவிட்டால் புது வண்டி தாமதமாகும், ஓடும் வண்டி ஓடும். எண்ணெய் வராவிட்டால் ஓடும் வண்டியே நிற்கும்.

2025 ஜூன் 30 அன்று சென்னை வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகள் கிளம்பின. பிளக் இருக்கும் பணிமனையைத் தயார் செய்துவிட்டுத்தான் பேருந்தை ஓட்டத் தொடங்கினார்கள். அரசு தனக்குச் செய்துகொண்ட அந்த ஏற்பாட்டைத்தான் வாடகை வீட்டுக்காரருக்கும் செய்து தரச் சொல்கிறேன். குடியிருப்பவர் தன் செலவில் தனி மீட்டரோடு பிளக் வைக்கக் கேட்டால், பாதுகாப்புக் காரணம் எழுத்தில் சொல்லாமல் வீட்டு உரிமையாளரோ அசோசியேஷனோ மறுக்க முடியாது என்று தமிழ்நாடு அரசு சட்டம் கொண்டுவர வேண்டும். அது வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நீங்கள் வீட்டுக்காரர் என்றால் இந்த வாரமே எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு வண்டி நிறுத்தும் இடத்தில் எர்த்தோடு ஒரு 16 ஆம்ப் பிளக்கும் சப் மீட்டரும் போடுங்கள். அசோசியேஷன் உறுப்பினர் என்றால் அடுத்த கூட்டத்தில் இதை எழுத்தில் கொடுத்து, தீர்மானமாக நிறைவேற்றுங்கள்.